உட்கார்ந்து பார்த்து வாங்கிய சீட்

டக்... டக்...

பாத்ரூமுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். டாய்லெட் சீட் ஒரு பக்கமாக நகர்ந்து பீங்கானில் தட்டுகிற சத்தம். உள்ளே என் மனைவி மங்கை சட்டென்று குழாயைப் பிடித்துக்கொள்வாள். வெளியே நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இதையெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை. நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனாலும்...

சில வருஷங்களுக்கு முன்பு, அவளுக்கு மதுரையில் முழங்கால் ஆபரேஷன் முடிந்திருந்த சமயம். இனிமேல் குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் காரைக்குடி வீட்டில் கக்கூஸ் கொல்லைக் கடைசியில், கிணற்றையும் தாண்டி இருந்தது. அதனால் அடுப்படியை ஒட்டியிருந்த சாமான் அறையை மாற்றி, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம்.

"சோறாக்குற எடத்துக்குப் பக்கத்துலயா? எங்க ஆத்தா இருந்தா இந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்காது."

கடைசியில் மங்கை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். சுவர், சீட், தரை... எல்லாம்.

"வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீகள்ல. அப்ப அடுப்படி மாதிரி இருக்கணும்."

கழுவியது நான்தான். முதலில் சுவர், பிறகு சீட், கடைசியில் தரை என்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்தும் இருந்தது.

சீட்டையும் நானேதான் தேர்ந்தெடுத்தேன். பிளாஸ்டிக் திருகை நம்ப மனம் வரவில்லை. இரும்புத் திருகு வைத்த கனமான சீட்டாகப் பார்த்து வாங்கி மாட்டினேன். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும் என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! வாளியும் கையுமாக நின்றபோது அது தோன்றவே இல்லை.

ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் ஒரு பக்கத் திருகு அரித்து அறுந்தது. சீட் ஆட ஆரம்பித்தது. ஒருநாள் அவள் சரிந்தே விட்டாள். குழாய் காப்பாற்றியது.

அன்று சாயந்தரம் கவனித்தேன். அவள் பக்கத்தில் வைத்த சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. மறுநாளும்.

"தாகமில்லங்க" என்றாள். உதடு வெடித்திருந்தது.

தண்ணீர் குடித்தால் அங்கே போக வேண்டும். போனால் அதில் உட்கார வேண்டும்... அவ்வளவுதான் விஷயம்.

பழைய காலண்டர் அட்டையில் பீங்கானின் வடிவத்தை வரைந்து வெட்டி, மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு செக்காலை ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி நிறைய சீட்டுகளை எடுத்துப் போட்டார். மூன்று என் அட்டைக்குப் பொருந்தின. விரலால் தட்டினேன். உள்ளங்கையால் அழுத்தினேன். எது ஆடும், எது ஆடாது என்று கைக்குத் தெரியவில்லை.

"சார், வாசல்ல மாதிரிக்கு ஒரு டாய்லெட் கோப்பை வச்சிருக்கோம்ல, அதுல மாட்டித் தாறேன். உக்காந்து பாருங்க."

வாசலிலா? ரோட்டைப் பார்த்தபடியா? ஊரில் எங்கே திரும்பினாலும் என்னிடம் படித்தவர்கள். வகுப்பில் ஒரு பையன் சந்தேகம் கேட்க எழுந்தாலே எனக்கு வியர்க்கும்.

"வேணாம் தம்பி. பாத்தாலே தெரியுது."

தெரியவில்லை. அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிளம்பப் போனேன். அந்தச் சொம்பு நினைவுக்கு வந்தது.

போய் உட்கார்ந்தேன்.

வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மங்கை சரிந்த பக்கமாகவே சாய்ந்து பார்த்தேன். முதல் சீட் நகர்ந்தது. இரண்டாவதை மாட்டச் சொல்லி உட்கார்ந்திருக்கும்போது, எங்கள் தெரு அழகம்மை காய்கறிப் பையோடு வந்து நின்றுவிட்டது.

"என்ன சாரு, வீட்டுல நாக்காலி இல்லையாக்கும்?"

"இல்ல தாயி... ஆடுதான்னு பாக்குறேன்."

"அக்காவுக்கா?" சிரிப்பை அடக்கிக்கொண்டது. "எங்க மாமியாளுக்கும் இதே பாடுதான். எந்திரிக்கிறப்பத்தான் சறுக்கும். எந்திரிச்சும் பாருங்க."

எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். ஒரு டவுன் பஸ் போயிற்று. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இரண்டாவதும் சறுக்கியது. மூன்றாவது அசையவே இல்லை. திருகைக் கேட்டேன். துருப்பிடிக்காத ஸ்டீல்.

வீட்டில் பழைய சீட்டின் மிச்சத் திருகு கழல மறுத்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ரம்பத் தகட்டால் மெல்ல அறுத்தேன். மங்கை பாத்ரூம் வாசலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பாத்துப் பண்ணுங்க. கோப்பை ஒடஞ்சா மறுபடி கெணத்தடிக்குத்தான் நடக்கணும்."

"பேசாம இரு. கை நடுங்குது."

"எப்பத்தான் நடுங்கல? தாலி கட்டயிலயே நடுங்குனவுகதானே."

புதியதை மாட்டி முடித்ததும் அவள் உள்ளே போனாள். நான் கதவருகே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தமே இல்லை.

வெளியே வந்தவள் நேராகப் போய் சொம்பை எடுத்து, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அழகம்மை போன் பண்ணுச்சு. ரோட்டுல உக்காந்தீகளாமே."

"ம்."

"எந்திரிச்சு வேற காட்டுனீகளாம்."

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த சீட்டும் நன்றாக உழைத்துவிட்டு, போன மாதம்தான் உடைந்தது. இப்போது கடைக்குப் போகவே வேண்டாம். சென்னையிலிருந்து மகன் போனில் படம் அனுப்பினான், நான் அளவு சொன்னேன், பெட்டி வீட்டுக்கே வந்தது. மூடினால் தானாக மெல்ல இறங்குகிற சீட். யார் முன்னாலும் உட்கார்ந்து எழ வேண்டியதில்லை... சௌகரியம்தான்.

ஆனால் இப்போது முழங்கால் வலி எனக்கு. உட்கார்ந்தால் எழுவது சிரமமாக இருக்கிறது. கதவுக்கு வெளியே அவள் நின்றுகொண்டு, "என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்கிறாள்.

கொஞ்ச நாளாக நானும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் ணங்கென்று ஒரு சத்தம். சொம்பு. விளிம்புவரை தண்ணீர்.

"குடிச்சிட்டு எழுதுங்க."

போகாமல் நிற்கிறாள்.