தண்ணி முறையும் சூம் வகுப்பும்

தனுசியாவுக்கு ஒரு யோசனை பிடித்துவிட்டால் சோறு தண்ணி இறங்காது. இம்முறை பிடித்தது, நீர்வேலி வாழைத் தோட்டக்காரருக்குச் சூமில் பயிற்சி வகுப்பு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விவசாயம் படித்து முடித்து, வேலை தேடிக் களைத்திருந்தவளிடம் ஊர்ச் சங்கம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தது. வாழையில் நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். வெள்ளோட்டமாக இரண்டு வகுப்பு. ஆட்கள் வந்தால் வேலை அவளுக்கு நிரந்தரம். வராவிட்டால் வழக்கம்போல மண்டபத்தில் ஒருநாள் கருத்தரங்கு, மத்தியானச் சோறு, குழுப்படம், அத்தோடு சரி.

சங்கத் தலைவர் சீவரத்தினத்துக்கு இதெல்லாம் விளையாட்டு. போனுக்குள் வாழை வளராது என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். தனுசியா அசருகிற ஆளா? தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் பிடித்தாள். வீடு வீடாகப் போய்ச் சூம் இறக்கிக் கொடுத்தாள். விடியக் காலையில் எல்லோரும் வீட்டில்தானே இருப்பார்கள் என்று நேரமும் குறித்தாள்.

முதல் வகுப்புக்கு வந்தது ஒரேயொரு ஆள், தாய் பூரணம். அதுவும் குசினியில் சமைத்தபடி.

அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டவெளிக்குப் போனாள். எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். ஏன் வரவில்லை என்று கந்தப்புவைப் பிடித்துக் கேட்டாள்.

"இண்டைக்கு என்ரை முறையெல்லே, பிள்ளை" என்றார் அவர்.

அவளுக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அங்கே கிணறுகள் பங்குக் கிணறுகள். ஒருவர் இறைத்து முடித்தால் அடுத்தவர் முறை. செத்தவீடு என்றாலும் இறைத்துவிட்டுத்தான் போவார்கள். அந்தத் தண்ணியில் வளர்ந்தவள் நாலு எழுத்துப் படித்ததும் அதை மறந்துபோனாளே!

வெட்கத்தோடு திரும்பியவளின் கண்ணில், கிணற்றடி நிழலில் குந்தியிருந்தவர்கள் பட்டார்கள். முறை தவறிவிடக்கூடாது என்று நேரத்துக்கே வந்து காத்திருப்பவர்கள். ஒவ்வொரு கிணற்றடியிலும் ஒருவர், சும்மா, கையில் போனோடு. வீட்டுக்கு ஓடிவந்து திட்டத்தையே தலைகீழாக்கினாள். பாடத்தைச் சின்னதாக வெட்டி, காலை முழுவதும் திரும்பத் திரும்ப நடத்துவது. காத்திருக்கிறவர் வரலாம், முறை வந்ததும் போகலாம்.

இரண்டாம் வகுப்பில் திரை நிறைந்துவிட்டது. மோட்டர் இரைச்சல், காகம் கரையும் சத்தம், அதற்குள் கேள்வி மேல் கேள்வி. திரையின் ஒரு கட்டத்துக்குள் சீவரத்தினமும் முளைத்தார். குற்றம் பிடிக்கத்தான் வந்திருப்பார். நோய் தொற்றிய குருத்தின் கோடுகளை அவள் பெரிதாக்கிக் காட்டியதும் மனிதர் எழுந்து போய்த் தன் வாழை ஒன்றின் முன்னால் போனைப் பிடித்தார். அதே கோடுகள். இனி என்ன செய்வது என்று கேட்டார். குரலில் பகிடியோ கேலியோ இல்லை.

அவள் சொல்லத் தொடங்கியபோது, அவருடைய பங்குக் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டக்காரன் கோகுலன் கூப்பிட்டது எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணை, உங்கடை முறை வந்திட்டுது."

அரைமணித் தண்ணிக்காகக் கூடப்பிறந்த தம்பியோடு கோடு ஏறி வழக்காடியவர் சீவரத்தினம். இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. தனுசியா பாதியில் நிறுத்திவிட்டாள். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"இண்டைக்கு உன்ரை வாழைக்கே விடு, கோகுலன். நான் பிள்ளை சொல்லுறதைக் கேட்டு முடிக்கவேணும்."