வளைவுக்கு விழுந்த ஓட்டு

என் தங்கை பேக்கரியில் ரொட்டிக்கு உறை போட்டுக் கட்டும் வேலை செய்தாள். எங்கள் தெருக்காரர்கள் போனில் ஒரு குரூப் வைத்து, குப்பை வண்டி எங்கே நிற்பது என்பதைக்கூட ஓட்டுப் போட்டு முடிவு செய்தது அவளால்தான். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரலில் சொல்லி அனுப்புவாள். "மாடிவீட்டு மாமா, ரெண்டு வட்டம் இருக்கு, ஒண்ணைத் தொடுங்க. விரல் என்ன தேயவா போகுது?"

ஒரே ஒரு தெருவிளக்கு தருவோம், எங்கே வேண்டும் என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்டார்கள். தெரு திரும்பும் வளைவில் என்றாள் அவள். வேலை முடிந்து இருட்டில் அந்த வழியாகத்தான் வருவாள். தெருவோ கடைகள் முன்னால் என்றது. வளைவுக்கு விழுந்தது அவள் ஓட்டும் என் ஓட்டும்தான். விளக்கைக் கடைகள் முன்னால் நட்டார்கள்.

அடுத்த மழையில் ஒரு லாரி அவளை வளைவில் அடித்துப் போட்டது. ஓட்டியவனுக்கு ஆள் வந்ததே தெரியவில்லையாம்.

அவள் போன் என் அலமாரியில் இருக்கிறது. குரலைக் கேட்கத்தான் எடுப்பேன். அந்த ஓட்டெடுப்பை யாரும் மூடவில்லை. போட்ட ஓட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எடுக்கும்போதெல்லாம் வளைவுக்கு ஓட்டு கூடியிருந்தது. ஒருநாள் பால்காரர், இன்னொரு நாள் தையல்காரம்மா. செத்தும் வீடு வீடாகக் கதவு தட்டுகிறாளோ என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் கடைகள் பக்கம் ஒரே பெயர் மிஞ்சியது. சைக்கிள் கடைக்காரன்.

நேரே போய்க் கேட்டேன். "நீ மட்டும் ஏன்டா மாத்தல?"

"மாத்திட்டா அன்னிக்கு நான் போடலைன்னு ஆயிடுமாண்ணே?" டியூபிலிருந்து அவன் தலை நிமிரவில்லை.

விளக்கை மாற்றச் சொல்லி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஒருவழியாக அதிகாரி வந்தார். தெருக்காரர்கள் கூடி நிற்க, போனை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாரும் வளைவுன்னுதானே போட்டிருக்கீங்க. அப்புறம் கடைகிட்ட யாரு கேட்டது?"

மாடிவீட்டு மாமா தன் செருப்பைப் பார்த்தார். பால்காரர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல நின்றார்.

"நான்தான் சார்," என்று கிரீஸ் கையைத் தூக்கினான் சைக்கிள் கடைக்காரன்.

"நீ ஒருத்தன் சொன்னா நட்டுடுவாங்களா?"

"நட்டுட்டாங்களே சார்."

இப்போது விளக்கு வளைவில் எரிகிறது. அதன் கீழே வந்தால் தெருக்காரர்கள் நடையை எட்டிப் போடுகிறார்கள். நான் டீ குடிப்பது சைக்கிள் கடைக்காரனோடுதான். ஒருநாள் அவள் குரலைக் கேட்கணும் என்றான். அவனுக்கு அனுப்பியதையே தேடிப் போட்டேன்.

"சைக்கிள் கடை அண்ணே, உங்களை நம்பித்தான் இருக்கேன். மேல இருக்கிறது வளைவு. அதைத் தொடுங்க."

அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.