இடது சீட்டுக்காரர்

ஜீப் ஸ்டாண்டில் அவருக்கு 'ஒரேமூச்சு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும்தான் இருந்தது.

மேலே இருக்கும் ஊரிலிருந்து பள்ளத்தாக்கின் அடியில் உள்ள விடுதிக்கு இறங்கும் மண்பாதையில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். பதினேழாவதை மட்டும் ஸ்டேரிங்கை ஒரே ஒடியில் ஒடித்து எடுக்க முடியாது. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய்த்தான் திரும்ப வேண்டும். பின்னால் வரும்போது பின் சக்கரத்துக்கும் பாதாளத்துக்கும் நடுவே ஒரு முழம் மண் மிஞ்சும். இவர் ஒருவர்தான் அதைப் பின்வாங்காமல் எடுப்பார். ஒருநாள் இருநாள் இல்லை, இருபத்தைந்து வருஷம் எடுத்தார். ஸ்டாண்டில் புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் முதலில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் காபி வாங்கித் தருவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு காலையில், காலி ஜீப்போடு ஏறி வரும்போது அதே பதினேழில் பின் சக்கரம் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. சாய்ந்து நின்ற வண்டியிலிருந்து மெதுவாக இறங்கினார். ஜீப்பின் முன்னால் இருந்த வின்ச்சின் இழுவைக் கம்பியைப் பாறையில் மாட்டி வண்டியை மேலே இழுத்தார். யாரும் பார்க்கவில்லை. ஜீப்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று முதல், வளைவு என்று ஒன்று கண்ணில் பட்டாலே கிளட்ச்சில் இருக்கும் இடது கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நரம்புக்கென்ன, அது நன்றாகத்தான் இருந்தது. பயந்து போனது மனுஷன்.

பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னார். சொல்லும்போது அழுதுவிட்டார். அவள் அழவில்லை. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் கல்குவாரியில் டிராக்டர் ஓட்டியவள். "சாவியக் குடுங்க" என்றாள்.

அதன் பிறகு நடந்த கூத்துதான் பெரிய கூத்து. முதுகுவலி என்று சொல்லிச் சுற்றுலாக்காரர்களை ஏற்றுவதை அவர் நிறுத்தினார். விடுதிக்குச் சாமான் மட்டும் ஏற்றினார்: கேஸ் சிலிண்டர், காய்கறி, வெளுத்த படுக்கை விரிப்புகள். சாமானை எண்ணி இறக்க ஆள் வேண்டும் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டார். ஸ்டாண்டிலிருந்து கிளம்பும்போது ஸ்டேரிங்கில் ஐயா ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். முதல் வளைவு வருவதற்குள் ஒரு பெரிய பாறை மறைவில் இருவரும் இறங்கி இடம் மாறிக்கொள்வார்கள். கடைசி வளைவு விடுதியிலிருந்து தெரியும் என்பதால் அதற்கு முன்னால் மறுபடி மாறிக்கொள்வார்கள்; அந்த ஒன்றை மட்டும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ந்தே கடப்பார். திரும்பி ஏறும்போதும் இதே கதைதான். இரண்டு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்.

இடது சீட்டில் சும்மாவா உட்கார்ந்திருப்பார்? வளைவுக்கு வளைவு இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். அவளோ வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டுவாள்.

அன்றும் அப்படித்தான். "உங்க தங்கச்சி நேத்து போன்ல என்ன சொன்னா தெரியுமா?" என்று பதினைந்தாவது வளைவில் ஆரம்பித்தாள்.

"முன்னாடி பாத்து ஓட்டு."

"முன்னாடிதான் பாக்கறேன். வாய் என்ன ரோட்டையா பாக்குது?"

பதினாறைத் தாண்டியதும் அவள் பிரேக்கை மிதித்தாள். பாதையில் ஆட்கள் நின்றார்கள். பதினேழின் நடுவில் ஒரு நீளமான வாடகைக் கார் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. அதன் பின் சக்கரம் விளிம்பில் இருந்தது. அதற்குக் கீழே, விடுதியிலிருந்து ஏறி வந்த ஸ்டாண்டு ஜீப்புகள் மூன்று. இடம் மாற நேரமில்லை, மறைவுமில்லை. ஸ்டாண்டு ஆட்கள் எல்லோரும் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் இடது சீட்டில் இன்னும் தாழ்ந்து உட்கார்ந்தார். மானம் கப்பலேறப் போகிறது என்று நினைத்தார்.

"அட, அண்ணிக்கு வண்டி பழக்கறீங்களா? இந்த ரோட்லயா?" என்று ஒரு டிரைவர் சிரித்தான். "நல்ல நேரத்துல வந்தீங்கண்ணே. இவரு போன்ல ரோடு காட்டுச்சாம், வந்துட்டாராம். போன் வந்து தள்ளுமான்னு கேட்டுக்கிட்டிருக்கோம். நாங்க யாரும் தொடமாட்டோம்பா. நீங்க உக்காந்தாதான் ஆச்சு."

காரை ஓட்டி வந்தவர் முகம் வெளுத்து நின்றார். அவர் மனைவி ஒரு தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். திறக்கவில்லை.

போன மானம் தானாகத் திரும்பி வந்துவிட்டது. காரை எடுத்துக் கொடுத்துவிட்டால் ரகசியமும் பிழைத்துவிடும், பெயரும் பிழைத்துவிடும். அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். போய்க் காரில் உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை மிதித்து, ஹேண்ட்பிரேக்கை விட்டார். இடது கால் ஆடியது. கார் ஒரு சாண் பின்னால் நழுவியது. பின்னால் கற்கள் உதிர்ந்தன. விழுந்த சத்தம் கேட்கவேயில்லை.

"அண்ணே!" என்று யாரோ கத்தினார்கள்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டார். இருபத்தைந்து வருஷப் பெயர் ஒரு பக்கம், ஒரு சாண் மண் ஒரு பக்கம். இறங்கினார்.

"என்னால முடியாதுப்பா. அவ எடுப்பா."

அவள் வந்து சக்கரங்களுக்குக் கல் வைக்கச் சொன்னாள். விடுதியில் ஜெனரேட்டர் பழுது பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்த மெக்கானிக்கைப் பின் சக்கரத்தின் பக்கத்தில் நின்று குரல் கொடுக்கச் சொன்னாள். உட்கார்ந்தாள். ஒரே மூச்சில் ஒன்றும் எடுக்கவில்லை. முன்னால் அரை அடி, பின்னால் கால் அடி என்று ஒன்பது முறை ஒடித்தாள். ஒடிக்கும்போதெல்லாம் நாத்தனாரைப் பற்றி மெக்கானிக்கிடம் புகார் சொல்லிக்கொண்டே இருந்தாள். "ரைட்ல ஒடிங்க அண்ணி" என்று அவன் கத்த, "ஒடிக்கறேன், நீ கேளு, அவ மாமியார் வந்து…" என்று இவள் தொடர, கார் மலைப்பக்கம் வந்து சேர்ந்தது. பாட்டில்காரி அப்போதுதான் தண்ணீர் குடித்தாள்.

"எத்தனை நாளா இப்படிண்ணே?" என்று அந்த டிரைவர் கேட்டான். இப்போது சிரிப்பு இல்லை.

"ரெண்டு வருஷமா."

"அப்போ போன மழையில பாதை பாதி கரைஞ்சப்ப அந்த ஜெனரேட்டர ஏத்திட்டு எறங்குனது?"

"அவதான்."

டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கதையை அவர்கள் ஊரெல்லாம் அவர் பெயரில் சொல்லியாகிவிட்டது. மெக்கானிக் மட்டும் அவர் பக்கத்தில் வந்து, மெதுவாக, "எனக்குத் தெரியும்ணே. டிரைவர் சீட்டுக் கால்மிதி அப்படியே இருக்கு, இடது பக்கத்துக் கால்மிதி உங்க செருப்பு அளவுக்குத் தேஞ்சு ஓட்டையா இருக்கு. போன சர்வீஸ்லயே பாத்தேன்" என்றான்.

"சொல்லலையேடா."

"நீங்க சொல்லல. நான் எதுக்குச் சொல்லணும்?"

ஜீப்புகளை ஓரங்கட்டி வழி விட்டார்கள். பதினேழை அவள் தன் வழக்கப்படி மூன்று ஒடியில் எடுத்தாள். மேலே நின்று அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் இடது சீட்டில் உட்கார்ந்து கால்மிதியில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தார். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் இரண்டு வருஷமாக இல்லாத ஒரு நிம்மதியும் இருந்தது.

கடைசி வளைவுக்கு முன்னால் அவள் பழக்க தோஷத்தில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தாள். அவர் நகரவில்லை.

"எதுக்கு நிறுத்தின?"

அவளுக்குப் புரிந்தது. கதவைச் சாத்தினாள். ஆனால் வண்டியை எடுக்காமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் இப்போதுதான் பார்த்தார். அவ்வளவு நாளும் ரோட்டைத்தானே பார்த்துக்கொண்டு வந்தார்!

"என்னம்மா, உனக்கும் பயமா?"

"பயமில்லாம? முதல் நாள்லேர்ந்தே உயிரக் கையில பிடிச்சுக்கிட்டுதான் ஓட்டறேன். அதான் எதையாவது பேசிக்கிட்டே வர்றது. பேச்ச நிறுத்தினா கை ஆடுது."

முன்னால் கடைசி வளைவு இருந்தது. அதற்குக் கீழே விடுதியின் கூரை தெரிந்தது.

"சரி, வண்டிய எடு" என்றார். "என் தங்கச்சி போன்ல என்ன சொன்னா? முதல்லேர்ந்து சொல்லு."