ஆளுக்கொரு அலகு

ஒருவர் நாக்கிலிருந்து உருவிய அலகை எலுமிச்சம் பழத்தில் தேய்த்து, திருநீறு தடவி, பூசாரி அடுத்தவர் நாக்கில் குத்தியபோதுதான் எனக்குச் சுரீரென்றது. மலேசியாவில், ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்து ரப்பர் தோட்டக் கோவில் திருவிழா. எண்பதுகள் முடியப் போகிற நேரம். அலகு குறைவு, வேண்டுதல்காரர்கள் அதிகம். முதல் கூட்டம் இறக்கியதும் இரண்டாவது கூட்டத்துக்கும் அதே அலகுதான். அந்த வாரம்தான் ஈப்போ நூலகத்தில் எய்ட்ஸ் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். ஊசி வழியாக, ரத்தம் வழியாகப் பரவும் என்று.

அப்போது அது வெறும் எண்ணம். சில மாதம் கழித்து, பெரியப்பா மகன் போதை மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பினான். கூட்டாளிகளோடு ஒரே ஊசியில் பொடி ஏற்றிக்கொண்டவன். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னான், அதுவும் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல். சாலையோர ஒட்டுக்கடையில் அவன் மிச்சம் வைத்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன்.

"பைத்தியமாடா ஒனக்கு?"

"இதுல வராதுண்ணே. படிச்சிட்டேன்."

சிக்கல் வேறு. அவன் திருந்தி வந்தால் அவனுக்கு அலகு குத்துவதாகப் பெரியம்மா வேண்டியிருந்தார்.

"தள்ளிப் போடேன்," என்றேன்.

"மறுபடி பொடிக்குப் போயிட்டான்னு பேசுவாங்க லா. உண்மை தெரிஞ்சா அம்மாவ லயத்து வீடுங்கள்ல ஒருத்தரும் வாசப்படி ஏத்த மாட்டாங்க."

அடுத்த திருவிழாவுக்கான கோவில் கூட்டத்தில் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன்: அலகைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் என்ன?

"அலகு என்ன மரவள்ளிக்கிழங்கா தம்பி, அவிக்க?" என்றார் பூசாரி. ஒரே சிரிப்பு. நான் விடவில்லை. ரத்தத்தில் கிருமி இருக்கலாம் என்றேன். சிரிப்பு நின்றது.

"விரதம் சரியா இருந்தா ரத்தமே வராது," என்றார் கோவில் தலைவர். "இப்ப யாரு விரதம் சரியில்லன்னு சொல்ற? பேரச் சொல்லு."

பின்வரிசையில் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றிரண்டு தலைகள் அவன் பக்கம் திரும்பின. உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நானே அவனைக் காட்டிக் கொடுத்திருப்பேன்.

திரும்பும் வழியில் அவன் திட்டவில்லை. ஈப்போவில் ஓர் இரும்புப் பட்டறையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "எனக்கு மட்டும் தனியா ஒண்ணு செஞ்சுக்கிறேன்," என்றான்.

"ஒனக்கு மட்டும்னா ஏன்னு கேப்பாங்க. இன்னும் யாருக்கு இருக்குன்னு நமக்கென்ன தெரியும்? எல்லாருக்கும் செய்வோம். ரத்தத்தப் பத்தி வாயே தெறக்க வேணாம். அவங்கவங்க வேண்டுதலுக்கு அவங்கவங்க அலகு."

"யாருடா மொதல்ல குத்திக்குவா?"

"நான்."

திருநீறுகூட ஒழுங்காகப் பூசாதவன் நான். ஏற இறங்கப் பார்த்தான். "ஊசி போட்டாலே மயங்கி விழுவியேடா!"

ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும். முதலாளியிடம் சாவி கேட்க வேண்டும். முதல் கம்பியை என் நாக்குக்கு அளவெடுத்து அராவுவது. பிறகு நான் பூசாரி வீட்டுக்குப் போய், இந்த வருடம் எனக்கும் வேண்டுதல், அலகு நானே கொண்டு வருகிறேன் என்று சொல்வது. ஒப்புக்கொள்வாரா என்பது கேட்டால்தான் தெரியும்.