நாற்பது பிள்ளைகளும் ஒரே பிறந்த திகதியும்

மருதமுனையில் ஒரு பாடசாலையில் நான் பதிவேடுகளை எழுதும் இலிகிதராக இருந்தபோது, ஒரு நாள் காலை என் வேலையே போய்விடும் போலாகிவிட்டது.

பரிசோதனைக்கு வந்த கல்வி அதிகாரி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் சேர்விடாப்பை, அதாவது சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பிள்ளைகள். அதில் இரண்டு சோடிகளில், சோடிக்குள் இருவருக்கும் ஒரே பிறந்த திகதி. இரட்டையர் யாரும் இல்லை. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளோ மாரி வெள்ளத்தில் ஊறி அழிந்திருந்தன.

"வருசத்துக்கு முன்னூத்தி அறுபத்தஞ்சு நாள். புள்ளைகள் நாப்பதுதான். நீங்க சும்மா கண்டபடி எழுதியிருக்கீங்க. நான் ரிப்போட்டில போடத்தான் வேணும்" என்றார்.

பாடசாலை அதிபரும் தலையாட்டினார்.

வரவுப் பதிவில் கையொப்பமிட அலுவலகத்துக்கு வந்திருந்த கணித ஆசிரியை சரீனா டீச்சர் போகாமல் நின்றார்.

"சேர், நாப்பது பேரில அப்படி வாறதுதான் வழமை. வராட்டித்தான் புதினம்."

"என்ன டீச்சர் கதைக்கிறீங்க?"

"ஒவ்வொரு புள்ளையும் மத்த எல்லாருக்கும் கை குடுத்து ஸலாம் சொன்னா எழுநூத்தி எண்பது சோடி வரும். அத்தன சோடியில ஒண்டாவது பொருந்தாதா சேர்?"

"கணக்குக் காட்டி என்ன மடக்காதீங்க."

"அப்ப வேற வகுப்புட இடாப்பப் பாருங்க."

"அதுவும் இவர் எழுதினதுதானே?"

டீச்சர் சளைக்கவில்லை. "நீங்க நம்புற ஸ்கூல் ஒண்டுக்குப் போன் எடுங்க."

அதிகாரி அக்கரைப்பற்றில் அதிபராக இருந்த தன் நண்பரை அழைத்து, அதேபோல் நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பின் பிறந்த திகதிகளை வாசிக்கச் சொன்னார். தானே ஒவ்வொன்றாக எழுதினார். இருபது போயிற்று. இருபத்தைந்தும் போயிற்று. ஒன்றும் பொருந்தவில்லை. நான் மனதுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தோராவது திகதியில் அதிகாரியின் பேனை நின்றது.

"மார்ச் பத்தொன்பதா? பொறுங்க... இது முதலும் வந்திச்சே!"

அவர் தாளில் அந்த இரண்டு திகதிகளையும் வட்டமிட்டார். பிறகு, "டீச்சர், அந்தக் கை குடுக்கிற கணக்க இன்னொருக்காச் சொல்லுங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். அறிக்கையில், பெற்றோரிடமுள்ள சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று மட்டும் எழுதினார். பெற்றோர் கொண்டுவந்த சான்றிதழ்களோடு நான் எழுதிய திகதிகள் எல்லாம் சரியாகவே பொருந்தின.

"அங்கயும் பொருந்தாமப் போயிருந்தா?" என்று டீச்சரிடம் பிறகு கேட்டேன்.

"பத்துக்கு ஒரு வகுப்பு அப்படியும் போகும், காக்கா" என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார். " எனக்கும் பயம்தான். ஆனா அடுத்த வகுப்பையும் வாசிக்கச் சொல்லியிருப்பேன்."

தன் பெயருக்கும் பழுது வரலாம் என்று தெரிந்தே எனக்காக நின்றவர் அவர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பதிவு நம்ப முடியாததாகத் தெரிந்தால், எழுதியவரைச் சந்தேகிக்க முன் எண்ணிப் பாருங்கள்.