கொடிக்கம்பமும் பஸ் திரும்பும் இடமும்

தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதுகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது சட்டம் அல்ல, நாற்காலி போடுவது. கூட்டங்களில் உட்கார்ந்தே முதுகு போனவர்கள் இதற்குத் தலையாட்டுவீர்கள்.

மாநில எல்லையோரம், பாகலூரைத் தாண்டி ஓர் ஊர். தேர்தல் முடிந்த கையோடு, பஸ் நிறுத்தத்தில் யாருடைய கொடிக்கம்பம் நிற்பது என்று இரண்டு கட்சிக்காரர்களும் மோதிக்கொண்டார்கள். பறந்த கல் ஒன்று கம்பெனி பஸ்ஸின் கண்ணாடியை உடைத்தது. ஊர் அமைதியானால்தான் வண்டி உள்ளே வரும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதில் வேலைக்குப் போகும் பெண்கள் மெயின் ரோடு வரை நடக்க வேண்டியதாயிற்று. இதைக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதினேன். எழுதியதும் மறந்துவிட்டேன்.

ஃபேன் யாருக்கு?

தரப்புக்கு ஐந்து பேர். ஒரு கட்சிக்குத் தலைவர் வெங்கடேசப்பா, எதிரே மறு கட்சிக்கு மாதையன். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். வெங்கடேசப்பா ஆட்கள் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். மாதையன் ஆட்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். ஏன் என்று புரியாமல் நானும் நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் மாதையனே விரலை மேலே காட்டினார்.

"அவங்க தலைக்கு மேல ஃபேன் சுத்துது, எங்க தலைக்கு மேல ஒட்டடை தொங்குது. உட்காரும்போதே இப்படின்னா, எழுந்திரிக்கும்போது எப்படிங்க சார் இருக்கும்?"

வாசித்துக் காட்டியபோது

வெங்கடேசப்பாவுக்கு நிதானம் தமிழில் வரும், கோபம் தெலுங்கில் வரும். மாதையனுக்குக் கோபம் வந்தால் கன்னடம். குறிப்போ தமிழில்தான் இருக்க வேண்டும். அவர் இவருடைய வம்சத்தையே இழுத்ததையும், இவர் திருப்பிக் கொடுத்ததையும் 'கடும் அதிருப்தியைத் தெரிவித்தார்' என்று இரண்டு தடவை எழுதிவைத்தேன். முடிவில் சத்தமாக வாசித்தேன். வெங்கடேசப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் திட்டினதே இவ்வளவு மரியாதையா இருக்குதுன்னா, அவனும் அப்படித்தான் திட்டியிருப்பான். விடுங்க சார், மேல பேசலாம்."

அளந்து போட்ட சமாதானம்

நிழற்குடைக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பம், அந்தப் பக்கம் ஒரு கம்பம். ஒரே உயரம், ஒரே தூரம். டேப் பிடித்து அளந்தோம். பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள், டீயும் பன்னும் வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் கஸ்தூரி என்ற பெண் அலுவலகத்துக்கு வந்தார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, அந்த ஊரில் வரிசையாய்க் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்து, கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். சமாதானச் செய்தி கேட்டுப் பஸ் வந்ததாம். அது திரும்புகிற இடத்தில்தான் இரண்டு கம்பங்களும் சிமெண்ட் போட்டு நிற்கின்றனவாம். வந்த வழியே ரிவர்ஸில் போன டிரைவர், மறுநாள் வரவில்லை. திங்கட்கிழமையும் லேட்டானால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் கஸ்தூரியிடம் சொல்லிவிட்டார். கஸ்தூரி குறிப்பைக் காட்டச் சொல்லி, கையெழுத்துகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இதுல பஸ்ல போற ஆளு ஒருத்தர்கூட இல்லையே சார். யாரைக் கேட்டு எழுதுனீக?"

எந்தக் கட்சி?

அடுத்த கூட்டத்துக்குப் பெண்களையும் பஸ் டிரைவரையும் கூப்பிட்டேன். இவர்கள் எந்தக் கட்சி என்று மாதையன் கேட்டார். வெங்கடேசப்பா தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைப் பார்த்தார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி ரத்னம்மா. பதிலும் அவரே சொன்னார்.

"வீட்டுல நான் இவரு கட்சிங்க. காலையில ஆறு மணிக்கு பஸ் கட்சி."

மனித பஸ்

பேச்சு நீண்டுகொண்டே போனதால் டிரைவர் எல்லாரையும் வாசலுக்கு அழைத்தார். தலைவர்கள் இருவரையும் கம்பங்களாக நிற்கவைத்தார். பெண்கள் பஸ் நீளத்துக்கு வரிசை கட்டினார்கள், முன்னால் கஸ்தூரி. பஸ் போலவே வளைந்து திரும்ப முயன்றார்கள், வெங்கடேசப்பா மேல் இடித்தது. அவர் நகர்ந்தார். அடுத்து மாதையன் மேல் இடித்தது. அவரும் நகர்ந்தார். நகர்ந்து நகர்ந்து இரண்டு பேரும் ஒரே சுவரோரம் தோளோடு தோள் உரச நின்றார்கள். ஊர்க் கணக்கில் அந்தச் சுவரோரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம் என்றார் டிரைவர். பெண்களின் வரிசை இப்போது யார் மேலும் இடிக்காமல் திரும்பியது. தலைவர்கள் அப்படி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்கள் என்று பார்த்தேன். மாதையன்தான் தொண்டையைச் செருமினார்.

"பக்கத்துல நின்னா நிக்கட்டுங்க. காத்தடிச்சா அவங்க கொடி எங்க கொடி மேல படக் கூடாது, அதை மட்டும் எழுதிக்குங்க."

திங்கட்கிழமை

போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆவல் விடவில்லை, விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கம்பங்கள் தொட்டியோரம் இருந்தன, இரண்டுக்கும் நடுவே ஒரு கொடி அகல இடைவெளி. பஸ் வந்தது. பின்னால் ஒரு பக்கம் வெங்கடேசப்பாவும் மறுபக்கம் மாதையனும் நின்று, "வரலாம், வரலாம்" என்று கையாட்டினார்கள். ஒரே வெட்டில் வண்டி திரும்பிவிட்டது. ஜன்னலோரம் இடம் பிடித்த கஸ்தூரி என்னைப் பார்த்துவிட்டார்.

"அடுத்த கூட்டம் எப்பன்னு முன்னாடியே சொல்லிருங்க சார், ஷிஃப்ட் மாத்தணும்ல."

இப்போதெல்லாம் கூட்ட நோட்டீஸில் 'இரு தரப்பினரும்' என்று எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு, அந்தந்த ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு, அதில் ஏறுகிறவர்கள் யார் யார் என்று விசாரித்துக்கொள்கிறேன்.