சாட்சிக்குப் பின்னும் நின்ற வேலி

சென்ற ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தில், பொம்மிடிக்கு அருகே எங்கள் சபையில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது.

ஆராதனைக்கு நடுவே, கர்த்தர் தமக்குச் செய்ததைச் சபைமுன் எழுந்து சாட்சியாகச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு உண்டு. அன்று எழுந்தவர் நிலபுலம் உள்ள விவசாயி. பக்கத்து நிலத்துப் பெண்மணியின் வண்டிப்பாதையை மறித்துக் கல் நட்டுக் கம்பிவேலி போட்ட பாவத்தைக் கர்த்தர் தமக்கு உணர்த்தினார் என்று சொல்லி அழுதார். அதே சாட்சியை முன்பும் சொல்லியிருந்தார். அப்போதும் அழுதார், சபையும் ஸ்தோத்திரம் சொல்லி மகிழ்ந்தது.

வேலி மட்டும் அப்படியே நின்றது. அந்தப் பெண்மணியின் கணவர் பக்கவாதத்தில் கிடப்பவர். ஆட்டோ வேலியோடு நின்றுவிடும். அவரை நாற்காலியில் வைத்து வரப்பின்மேல் சுமந்துவந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முந்தின வாரம் சுமந்தவர்களுக்குக் கால் இடறி, மனிதர் மரவள்ளிக் காட்டுச் சேற்றில் விழுந்திருந்தார். தமக்கு நேர்ந்த அநியாயம் இன்னொருவருக்குச் சாட்சியாவதை அந்த அம்மாள் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சாட்சி முடிந்ததும் நன்றிப் பாட்டைத் தொடங்குவது என் பொறுப்பு. "ஐயா, பாட்டு ஆரம்பிங்க" என்றார் போதகர்.

பாவத்தை எண்ணி உருகும் பழைய கீர்த்தனைகளைப் பாடியே வளர்ந்தவன் நான். அவற்றின் கண்ணீர் உப்புக் கரிக்கும். இவர் கண்ணீரோ இவருக்கே இனித்தது. வேதம் சொல்லும் மனந்திரும்புதல், போன வழியை விட்டுத் திரும்பி நடப்பதல்லவா?

"முடியாதுங்க. வேலி இன்னும் நிக்குதுங்களே" என்றேன்.

விவசாயியின் முகம் சிவந்தது. "ஆண்டவரே மன்னிச்சுட்டாருங்க ஐயா. நீங்க என்னமோ அதையே புடிச்சு வெச்சுக்கிட்டுப் பேசறீங்க."

பின்னாலிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது. "மன்னிச்சிருப்பாரு அண்ணா. அவரென்ன, எங்கூட்டுக்காரரத் தூக்கிட்டு வரப்புல நடந்தாரா?"

யாரோ சிரித்துவிட்டார். பாட்டில்லாமலே ஆராதனை முடிந்தது.

அன்று பிற்பகல் அந்த விவசாயி தனியாகக் கடப்பாரையோடு வேலிக்கு வந்தார். கம்பியைச் சுருட்டினார், கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தகவல் கேட்டு நானும் போய் நின்றேன். கோபம் தணியாததால் ஒரு கை கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வேலை முடிந்ததும் அவர், பாதையோரம் நின்றிருந்த அந்த அம்மாளிடம், "மனசுல வெச்சுக்காதம்மா" என்றார்.

"வெச்சுக்குவனோ மாட்டனோ, அது எம்பாடு. மொதல்ல ஆட்டோ வூட்டு வாசலுக்கு வரட்டும்."

அவர் குனிந்து, கிடந்த கற்களைப் பாதையைவிட்டு அப்புறப்படுத்தத் தொடங்கினார்.

இன்றும் எவரேனும் அழுதபடி சாட்சி சொல்ல எழுந்தால், என் கண் அவர்மேல் நிற்பதில்லை. அவரால் அழுதவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்றே தேடுகிறது.